பாலைவழியும் பதினாறு வயதும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் எமது பிள்ளைகள் நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருகின்றனர். அவற்றைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோர் ஒன்றைக் கவனித்திருப்பர். பதினைந்து, பதினாறு வயதினருக்கென்று எழுதப்படும் மேலைத்தேயக் கதைகளிற் பெரும்பங்கு பயணக் கதைகள். வீட்டாரோடு பிணங்கிய ஒரு பையனோ பெண்ணோ காரிலேறி நெடுவீதியிற் புறப்படுவதும், வழியிற் பலரைச் சந்திப்பதும், ஈற்றில் தன்னைத் தான் அறிந்துகொண்டு திரும்புவதுமே அவற்றின் அமைப்பு. மார்க் ருவெய்ன் 1884இல் வெளியிட்ட ஹக்கிள்பெரி ஃபின் கதையில் ஆறே வீதியாக இருந்தது. 1957இல் வெளிவந்த ஜாக் கெரோவாக்கின் நாவல் அமெரிக்க நெடுஞ்சாலையையே கதைக்களமாக்கியது. அதன்பின் இவ்வழியில் வந்த நூல்கள் எண்ணிலடங்கா.

இவற்றை வாசித்த பிள்ளைகள் சிலர் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர். எம்மவரிடம் இத்தகைய கதைகள் இல்லையா என்பதே அவ்வினா. இருக்கின்றன என்று விடை கூறினோம். எனினும் விடையை முழுமையாகச் சொல்வதற்கு ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. அதுவே இது.

முன்னோர் கண்ட வழி

வழியை இலக்கியமாக்குவதில் தமிழர் எவருக்கும் பிந்தியவரல்லர். பத்துப்பாட்டின் பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. ஆறு என்பது இங்கு வழியைக் குறிக்கும். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்றுவரும் இன்னொரு கலைஞனுக்கு வழியில் எந்த ஊர் வரும், எங்கே உணவு கிடைக்கும், எவ்விடத்தில் அஞ்சவேண்டும் என்றெல்லாம் எடுத்துரைப்பது அதன் இலக்கணம். முன்னே போனவன் பின்னே வருபவனுக்குச் சொல்லவேண்டும் என்ற கடமையுணர்வே இவ்விலக்கிய வகையின் அடிப்படை. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். இறுதியில் இதற்கு மீள்வோம்.

இளையோர் பயணமும் புதிதன்று. காதலனும் காதலியும் பெற்றோர் அறியாது ஊரைவிட்டுச் செல்வதை உடன்போக்கு என்றனர் சங்கப் புலவர். அவர்கள் நடக்கும் நிலம் பெரும்பாலும் பாலை. சிலப்பதிகாரத்தில் திருமணத்தின்போது கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு வயது என்கிறார் இளங்கோ. பின்னர் அவ்விருவரும் புகாரைவிட்டு இரவோடிரவாக நீங்கி, கவுந்தியடிகளின் துணையுடன் மதுரைக்கு நடந்து செல்வது அக்காப்பியத்தின் நெடிய பகுதி. பிழைப்புக்காக, கைப்பொருள் இழந்து, முன்பின் அறியாத நகரத்தை நோக்கி நடந்த இளந்தம்பதியர் அவர்கள். எமது குடும்பங்களுக்கு இக்கதை அந்நியமானதன்று.

பாலைக்குத் தனி நிலம் இல்லையென்பதும், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பதும் எமது மரபு. பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. ஆயின் மெய்யான பாலைவனத்தை நோக்கித் தமிழர் ஆயிரக்கணக்கிற் பயணப்படும் காலம் ஒன்று வருமென்று அப்புலவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

வளைகுடாவின் பழைய வழிகள்

இன்று டுபாய், அபுதாபி என்றவுடன் எட்டுத் தடங்களும் பன்னிரண்டு தடங்களும் கொண்ட நெடுஞ்சாலைகள் நினைவுக்கு வருகின்றன. இச்சாலைகளின் வயது எமது வயதைவிடச் சற்றே கூடியது.

அரபுலகின் பயண இலக்கியமோ மிகப் பழையது. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் சிந்துபாத், பஸ்ராத் துறைமுகத்திலிருந்தே கப்பலேறினான். மொரோக்கோவின் தான்ஜியரிலிருந்து 1325இல், இருபத்தொரு வயது இளைஞனாகத் தனியே புறப்பட்ட இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அலைந்தார். ஓமானையும் ஹோர்முஸையும் கண்ட அவர், 1344இல் இலங்கைக்கும் வந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். சிவனொளிபாத மலையிலும் ஏறினார். யாழ்ப்பாண அரசனைப் பற்றி எமக்குக் கிடைக்கும் அரிய பிறநாட்டார் குறிப்புகளுள் ஒன்று, இளவயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட இந்தப் பயணியின் நூலிலிருந்தே கிடைக்கின்றது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். வில்பிரட் தெசிகர் என்னும் ஆங்கிலேயர் 1946க்கும் 1948க்கும் இடையில் ருப் அல் காலி என்னும் பெரும்பாலையை ஒட்டகங்களுடன் இருமுறை கடந்தார். 1959இல் வெளிவந்த அவரது நூல் புகழ்பெற்றது. அவருடன் சென்ற பதூவினருள் பின் கபீனா, பின் கபைஷா என்னும் இருவர் பதின்ம வயதினர். வழி காட்டியோரும் கிணற்றைக் கண்டறிந்தோரும் அப்பாலையின் மக்களே. புகழ் பெரிதும் ஆங்கிலேயருக்குச் சென்றது. பதினாறு வயதுப் பதூவின் இளைஞன் தன் பயணத்தைத் தானே எழுதியிருந்தால் நூல் எவ்வாறு அமைந்திருக்குமென்று நாம் எண்ணியதுண்டு.

அந்நாளில் அபுதாபித் தீவுக்குத் தரைவழியே செல்வோர் கடல் வற்றும் நேரம் பார்த்துக் கடக்கவேண்டும். 1958இல் அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1962இல் ஏற்றுமதி தொடங்கியது. 1966இல் ஷேக் சாயித் ஆட்சிக்கு வந்தார். 1968இல் மக்தா பாலம் திறக்கப்பட்டது. 1971 டிசம்பர் 2ஆம் நாள் ஆறு அமீரகங்கள் இணைந்து ஐக்கிய அரபு இராச்சியம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு ராஸ் அல் கைமா ஏழாவதாகச் சேர்ந்தது. 1986இல் சவூதியையும் பஹ்ரேனையும் இணைக்கும் 25 கிலோமீற்றர் நீளக் கடற்பாலம் திறக்கப்பட்டது. ஒட்டகத்தில் நாட்கணக்கில் நடந்த தொலைவை ஒரு தலைமுறைக்குள் மணிக்கணக்காகச் சுருக்கிவிட்டனர். அச்சாலைகளில் தார் ஊற்றியோரிற் பெரும்பான்மையோர் எம்மைப் போன்ற வெளிநாட்டவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வெயிலில் மூவர்

இந்த வளைகுடாப் பாதையைப் பற்றி அரபு மொழியில் எழுந்த கதைகளுள் அகதி ஒருவர் எழுதியது தலைசிறந்தது என்பது எமது துணிபு. அவர் பெயர் ஹஸ்ஸான் கனஃபானி. 1936இல் பலஸ்தீனத்தின் அக்கா நகரிற் பிறந்தவர். 1948இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர் வீடிழந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. குடும்பம் லெபனானுக்கும் பின்னர் டமஸ்கஸுக்கும் சென்றது. அங்கே அகதிப் பிள்ளைகளுக்கான பாடசாலையில் இளவயதிலேயே ஆசிரியரானார். ஐம்பதுகளின் நடுப்பகுதியிற் குவைத்துக்குச் சென்று அங்கும் ஆசிரியப்பணி செய்தார். 1960இல் பெய்ரூட்டுக்குப் பெயர்ந்தார். உரிய ஆவணங்கள் இன்மையால் அங்கே மறைந்திருக்க நேர்ந்த நாட்களில் அவர் எழுதிய குறுநாவல் 1963இல் நூலாயிற்று. 'வெயிலில் மனிதர்கள்' என்று அதன் தலைப்பு பொருள்படும்.

கதை நிகழும் காலத்துப் பின்னணியை முதலில் விளங்கிக்கொள்ளல் நன்று. குவைத்தில் 1938இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1946இல் ஏற்றுமதி தொடங்கியது. இரண்டாண்டுகளில் பலஸ்தீனர் அகதிகளாயினர். ஒருபுறம் வேலைக்கு ஆள் தேடும் நாடு. மறுபுறம் வேலையும் கடவுச்சீட்டும் அற்ற மக்கள். இடையே ஈராக்கின் பஸ்ராவிலிருந்து குவைத் வரையிலான பாலை. அவ்விடைவெளியில் முளைத்ததே ஆட்கடத்தல் தொழில். எமது குடும்பங்கள் 'ஏஜென்சி' என்று சொல்லிப் பழகிய அதே தொழில்தான்.

மூவர் பஸ்ராவுக்கு வருகின்றனர். அபூ கைஸ் முதியவர். இழந்த ஒலிவ மரங்களை மறக்கவியலாதவர். அஸத் அரசியற் காரணத்தால் தேடப்படும் இளைஞன். முன்னர் ஒரு கடத்தற்காரனிடம் பணம் கொடுத்து, பாலை நடுவே கைவிடப்பட்டவன். மூன்றாமவன் மர்வான். அவனுக்குப் பதினாறு வயது. வைத்தியனாக வேண்டுமென்று படித்துக்கொண்டிருந்தவன். குவைத்திலிருந்து பணம் அனுப்பிவந்த தமையன் திருமணம் செய்துகொண்டு அனுப்புவதை நிறுத்திவிட, தந்தையும் தாயை விலக்கி வேறொருத்தியை மணந்துகொள்ள, தாயையும் தம்பியரையும் காக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுகின்றது. படிப்பை விட்டுப் புறப்படுகின்றான்.

கொழுத்த கடத்தற்காரன் பதினைந்து தினார் கேட்கின்றான். மர்வானிடம் அவ்வளவு இல்லை. அப்போது அபுல் கைஸுரான் என்னும் பலஸ்தீனச் சாரதி குறைந்த கூலிக்கு அழைத்துச் செல்வதாகக் கூறுகின்றான். அவன் ஓட்டுவது தண்ணீர் பவுசர். எல்லைச் சாவடியை அணுகும்போது மூவரும் வெறும் பவுசருக்குள் இறங்கவேண்டும். ஆறேழு நிமிடங்களில் கடதாசி வேலை முடிந்துவிடும். அப்பால் சென்றதும் மூடியைத் திறந்துவிடுவான். இதுவே ஏற்பாடு. காலமோ ஓகஸ்ட் மாதம். ஈராக் பக்கத்துச் சாவடியில் உயிர் தப்பினர். குவைத் பக்கத்துச் சாவடியில் அதிகாரிகள் சாரதியைப் பிடித்துவைத்து, பஸ்ரா நடனக்காரி ஒருத்தியை இழுத்து வேடிக்கை பேசினர். குளிரூட்டிய அறையில் நிகழ்ந்த அந்த வேடிக்கைப் பேச்சின் நேரத்துள் மூவரும் மாண்டனர்.

சாரதி அவர்களைக் குப்பைமேட்டருகே விட்டுச் செல்கின்றான். அவர்கள் சட்டைப்பைப் பணத்தையும் மர்வானின் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொள்கின்றான். பின்னர், அவர்கள் பவுசரின் சுவரை ஏன் தட்டவில்லை, ஏன் கூவியழைக்கவில்லை என்று பாலைவெளியை நோக்கிக் கேட்கின்றான். கதை அவ்வினாவோடு முடிகின்றது.

இவ்வினாவைப் பற்றி அறிஞர்கள் பலவாறு எழுதியுள்ளனர். தட்டினால் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்படுவோம் என்ற அச்சம் என்பர் சிலர். ஒரு மக்களின் மௌனத்தை ஆசிரியர் கண்டிக்கின்றார் என்பர் வேறு சிலர். எகிப்திய இயக்குநர் தௌஃபீக் சாலிஹ் 1972இல் இதனைத் திரைப்படமாக்கியபோது முடிவை மாற்றினார். படத்தில் அவர்கள் தட்டுகின்றனர்; குளிரூட்டிகளின் இரைச்சலில் அது எவர் செவியிலும் விழவில்லை. தட்டவில்லையா, கேட்கவில்லையா என்ற இரண்டு முடிவுகளுக்கும் இடையிலேதான் அகதிகளின் வரலாறு கிடக்கின்றது.

கனஃபானி சிறுவர்க்காகவும் எழுதினார். தமக்கையின் மகள் லமீஸின் பிறந்தநாளுக்காக அவர் எழுதிய விளக்குக் கதை பெயர் பெற்றது. 1972 யூலை 8ஆம் நாள் பெய்ரூட்டில் அவரது காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து அவர் இறந்தபோது, அருகிலிருந்த லமீஸும் இறந்தாள். அவளுக்கு வயது பதினேழு.

அதே வழி, மறுதிசை

1990 ஓகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. மர்வான் எந்த வழியாகக் குவைத்துக்குச் செல்ல முயன்றானோ அதே வழியாக இலட்சக்கணக்கானோர் மறுதிசையில் ஓடினர். பஸ்ரா, பக்தாத், பின்னர் ஜோர்தான் எல்லைப் பாலையிற் கூடாரங்கள் என்று அப்பயணம் அமைந்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அம்மானிலிருந்து விமானங்களில் ஏற்றப்பட்டனர். இலங்கைப் பணிப்பெண்கள் பல்லாயிரவர் ஒரு பையோடு வந்து சேர்ந்தனர். குவைத்தில் வாழ்ந்த ஏறத்தாழ நான்கு இலட்சம் பலஸ்தீனரிற் பெரும்பாலோர் இந்நெருக்கடியின்போதும் அதன் பின்னும் அந்நாட்டிலிருந்து மீண்டும் இடம்பெயர்ந்தனர்.

எமது அயல்மொழியான மலையாளத்திலும் இவ்வரிசையில் ஒரு நூல் உண்டு. பஹ்ரேனிற் பணியாற்றிய பென்யாமின் 2008இல் வெளியிட்ட ஆடுஜீவிதம் என்னும் நாவலே அது. சவூதிக்கு வேலைக்குச் சென்ற நஜீப் என்னும் இளைஞன் பாலைநடுவே ஆட்டுப்பட்டியில் அடிமையாக்கப்பட்டு, ஈற்றிற் பாலையை நடந்து கடக்கின்றான். உடன்வந்த ஹக்கீம் தாகத்தால் வழியிலேயே மாள்கின்றான். நெடுஞ்சாலையை அடைந்த நஜீப்பை ஓர் அரேபியர் தம் காரில் ஏற்றிச் செல்கின்றார். மேலைத்தேயக் கதைகளில் வீதி என்பது பயணத்தின் தொடக்கம். இக்கதையிலோ வீதியைக் கண்டடைவதே பயணத்தின் முடிவு. 2024இல் இது திரைப்படமாகவும் வந்தது.

பவுசர் கதை 1963உடன் முடிந்துவிடவில்லை. 1995 யூலையில் ஹங்கேரியில் கைவிடப்பட்ட பாரவூர்தி ஒன்றினுள் இலங்கையர் 18 பேர் மூச்சடைத்து இறந்துகிடந்தனர். 2000 யூனில் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் சீனர் 58 பேர். 2015 ஓகஸ்டில் ஒஸ்திரியாவில் 71 பேர். 2019 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் வியட்நாமியர் 39 பேர். ஒவ்வொன்றிலும் இளையோர் இருந்தனர்.

சொல்லாத கதைகள்

தொண்ணூறுகளில் நாம் வடக்கில் கற்பித்த வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கு மாதங்கள் இருந்தன. ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வாரம் முடிய, தாயார் வந்து தம்பியை வெளியே அனுப்பிவிட்டோம் என்று மெல்லிய குரலிற் சொன்னார். இடாப்பில் அவன் பெயருக்கு நேரே கோடிட்டோம். பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். எவ்வாறு போய்ச் சேர்ந்தாய் என்று கேட்டோம். "அது ஒரு மாதிரி வந்து சேர்ந்திட்டன் சேர்" என்றான். அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. அவனுக்கு இப்போது பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் அந்த 'ஒரு மாதிரி' மட்டுமே சொல்லப்பட்டிருக்கும் என்று அஞ்சுகிறோம்.

மேலைத்தேயப் பயணக் கதையின் இளைஞன் வீட்டிலிருந்து விடுபடப் புறப்படுகின்றான். மர்வானும் எம் மாணவனும் வீட்டைத் தாங்கப் புறப்பட்டவர்கள். முன்னவன் தன்னைத் தேடிச் செல்கின்றான். பின்னவர்கள் தம்மை மறைத்துக்கொண்டு சென்றனர். வேற்றுமை இதுவே. எம் பிள்ளைகள் நூலகத்திற் காணும் கதைகளோடு தம் குடும்பக் கதையை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுமாயின், அக்குடும்பக் கதையை அவர்களுக்கு எவரேனும் சொல்லியிருக்க வேண்டுமல்லவா?

கனஃபானியின் இன்னொரு குறுநாவலும் இங்கு நினைவுகூரத் தக்கது. 1969இல் வெளிவந்த அக்கதையில், 1967 யுத்தத்தின் பின் ஒரு தம்பதியர் இருபது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஹைஃபா வீட்டைப் பார்க்கக் காரிற் செல்கின்றனர். அவ்வீட்டில் வேறு குடும்பம் வாழ்கின்றது. அன்று அங்கு விடுபட்ட அவர்களது குழந்தை வேறு மொழியில், வேறு பெயரில் வளர்ந்து நிற்கின்றான். 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது எம்மவர் பலர் அவ்வாறே பழைய ஒழுங்கைகளைத் தேடிச் சென்றனர். சிலர் கூரையற்ற சுவர்களைக் கண்டனர். சிலர் சுவர்களையும் காணவில்லை. 2006இல் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டதும், 2009இன் பின் மறுபடி திறந்ததும் யாவரும் அறிந்தவை.

எமது பிள்ளைகள் வேறு மொழியில் வளர்கின்றனர் என்று கவலைப்படும் பெற்றோர் அதிகம். மொழி மாறுவதைக் காட்டிலும், தாம் எவ்வழியாக இங்கு வந்தோம் என்பதை அறியாமல் அவர்கள் வளர்வதே பெரிய இழப்பு என்பது எமது எண்ணம். ஆற்றுப்படைப் பாணன் தான் நடந்த வழியை அடுத்தவனிடம் மறைக்கவில்லை. நாமோ மறைக்கின்றோம். வெட்கம் ஒரு காரணம். பிள்ளைகள் பயந்துவிடுவர் என்பது மற்றொன்று. நினைத்தாலே நெஞ்சு அடைக்கும் என்பதே மெய்யான காரணம். இவை அனைத்தையும் நாம் மதிக்கின்றோம். ஆயினும், ஆபத்து நீங்கிய பின்னரும் சுவரைத் தட்டாதிருப்பது பழக்கமாகிவிடலாகாது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் ஓர் உலகப்படத்தை மேசையில் விரியுங்கள். புறப்பட்ட ஊரைப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டட்டும். அடுத்தது எந்த ஊர், எத்தனை நாள் தங்கினீர்கள், யார் சோறு தந்தார், யார் பணத்தைப் பறித்தார் என்று அவர்களே கேட்கட்டும். சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள்; சொல்ல இயலாத இடம் வந்தால், இவ்விடத்தை இன்னொரு நாள் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதனைத் தமிழிலோ தாம் கற்கும் மொழியிலோ ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். பதினாறு வயதினருக்கான பயணக் கதைகள் எம்மிடம் இல்லையா என்று கேட்ட பிள்ளைகளுக்கு அதுவே எமது முழுமையான விடையாகும்.